மதிலும் மனையும்: காலிக் கோட்டைப் பேணுகை பற்றி ஒரு நோக்கு

காலிக் கோட்டையின் வரலாறு பெரும்பாலும் மதிலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1588இல் போர்த்துக்கேயர் அரண் செய்தனர். 1640இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிக் கடல்முகமெங்கும் மதில் வளைத்தனர். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பழைய வாயிலின் உட்புறத்தே 1669 எனும் ஆண்டுடன் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும், வெளிப்புறத்தே பிரித்தானிய அரச சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளன. நூல்களும் அவ்வாயிலைப் போன்றே ஆண்டவர் பெயரை மட்டும் தாங்கி நிற்கின்றன. உள்ளே வாழ்ந்தவர் யாவர், எம்மொழி பேசினர் என்பன அவற்றில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும்.

இக்குறையை உணர்த்த ஒரு கல் போதும். சீனக் கடற்படைத் தலைவர் செங் கோவின் கல்வெட்டு 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. 1911இல் காலியில் அது வடிகால் ஒன்றின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அதன் தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. ஐரோப்பியர் வருகைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இக்கரையின் வணிகத்தில் தமிழும் இஸ்லாமும் பெற்றிருந்த இடத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கல்முனைக் கரையினர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. 1626இல் போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது நன்கறிந்த செய்தி. ஈராண்டின் பின், 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவிலும் கோட்டை எழுப்பினர். (அது காவலரணாகவும் பின்னர் அலுவலகங்களாகவுமே பயன்பட்டது, அங்குப் பேணவேண்டியது கல் மட்டுமே. காலியின் சிக்கல் வேறு.) கொழும்பிலோ, கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் மனை வாங்குதலை ஒல்லாந்தர் தடுத்தனர், ஆங்கிலேயர் 1832இலேயே அத்தடையை நீக்கினர். இவ்வாறு மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகமே பின்னர் காலி மதிலுக்குள் வேரூன்றியது. இரத்தினக்கல் வணிகம் அதற்குத் துணைநின்றது. 1904இல் எழுந்த மீரான் பள்ளிவாசல், தூரத்தே நின்று நோக்குவார்க்குக் கிறித்தவ தேவாலயமோ என ஐயம் தரும் தோற்றமுடையது. காலியின் கதையை ஒரே கட்டடத்திற் கூறுவதாயின், ஒல்லாந்தர் 1755இற் கட்டிய தேவாலயத்தைவிட இப்பள்ளிவாசலையே யான் தெரிவுசெய்வேன்.

1988இல் யுனெஸ்கோ காலியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஐரோப்பியக் கட்டடக்கலையும் தெற்காசிய மரபும் ஊடாடியதன் விளைவு எனும் சிறப்பே அதற்குக் காட்டப்பட்டது. ஆயின், ஊடாடியவர் மனிதர் என்பது பேணுகை நடைமுறையில் மறக்கப்பட்டது. 1994இற் சட்டவழி அமைந்த காலி மரபுரிமை மன்றமும் தொல்லியல் திணைக்களமும் கட்டடங்களில் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது அம்மதில் உள்ளிருந்தோரைக் காத்தது. மதிலற்ற சாய்ந்தமருதும் மருதமுனையும் அன்றடைந்த அழிவை அறிந்த நாம் மதிலை இகழமாட்டோம். ஆனால், அலையைத் தடுத்த மதில் விலையைத் தடுக்கவில்லை. வெளிநாட்டவர் நிலம் வாங்குதற்கு இருந்த நூற்றுக்கு நூறு வரி 2002இல் நீக்கப்பட்டதும் மனைகள் விரைவாகக் கைமாறின. 2004இல் வரி மீண்டபோதும் போக்கு மாறவில்லை. திண்ணையும் நடுமுற்றமும் கொண்ட வீடுகள் விடுதிகளாயின. முகப்பும் தூணும் ஓடும் விதிப்படி காக்கப்பட்டன, குடும்பங்கள் வெளியேறின. விற்றவரைக் குறைகூறுதல் முறையன்று. பழைய வீட்டைப் பழையபடியே பழுதுபார்க்கும் செலவை அவர்மீது சுமத்திவிட்டு, அவ்வழகின் பயனைப் பிறர் துய்ப்பதே நியாயமற்றது.

ஆதலின் பேணுகைத் திட்டம் எதிலும் குடியிருப்போர்க்கான பழுதுபார்ப்பு நிதி முதலிடம் பெறவேண்டும். மனையுறுதிகள், பள்ளிவாசற் பதிவேடுகள், திருமண ஏடுகள், அரபுத்தமிழ்க் கையெழுத்துகள் ஆகியவற்றைத் திரட்டுதல் நமது பல்கலைக்கழகங்கள் இப்போதே தொடங்கக்கூடிய பணியாகும். வீடு கைமாறும்போது முதலில் வெளியே எறியப்படுவன பழங் கடதாசிகளே.