கல்பாக்கத்து அயனிக் கற்றை: எதற்குச் சாட்சி?

பல வருஷத்துச் சேதத்தைச் சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அயனிக் கற்றை ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பொய் இல்லை. ஆனா அந்த வாக்கியம் ஒரு விஷயத்தை மறைக்குது.

நாகூரிலிருந்து இதே கடற்கரையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1.7 மெகாவோல்ட் டாண்டெட்ரான் முடுக்கி இருக்கிறது. அதில் நிக்கல் அயனிகளை டி9 எஃகின் மேல் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். வேக ஈனுலையின் எரிபொருளை மூடும் குழாய்க்கான எஃகு அது. குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நியூட்ரான் அடிக்க அடிக்க அணுக்கள் இடம்பெயரும், உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகும், எஃகு உப்பும். உப்பினால் சோடியம் ஓடும் வழி குறுகும். எரிபொருளை உலைக்குள் எவ்வளவு காலம் விடலாம் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

சோதனை முறை எனக்குப் பிடித்தது. மாதிரியில் பாதியை மூடிவிட்டு மறுபாதியில் கற்றையைப் பாய்ச்சுவார்கள். நடுவே எழும் படியின் உயரத்தை அளந்தால் உப்பல் தெரிந்துவிடும். உலைக்குள் கிடந்த எஃகு போல மாதிரியில் கதிரியக்கமும் ஏறாது.

சிக்கல் வேகத்தில். டெல்டாக்காரங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஈர நெல்லை நிதானமாகக் காயவைப்பதும் அதிகச் சூட்டில் அவசரமாகக் காயவைப்பதும் ஒன்றா? போன ஈரம் ஒன்றுதான், ஆனா அரைக்கும்போது நொய் கூடும். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு அணுவும் சராசரியாக நூறு தடவை இடம்பெயர்ந்தது என்று இரண்டு பக்கமும் ஒரே கணக்கு வரலாம். ஆனால் கற்றை ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக அடிப்பதால், உப்பல் உச்சமாகும் வெப்பநிலையே மேலே நகர்ந்துவிடுகிறது. அயனி ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம்தான் போகும். அதனால் மேற்பரப்பே குறைகள் பலவற்றை விழுங்கிவிடும். உலையில் ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறக்கும். இங்கே அதை முன்கூட்டியே செலுத்துகிறார்கள்.

ஆகவே என் கருத்து இது: டைட்டானியம்–கார்பன் விகிதம் வேறான இரண்டு டி9-ல் எது குறைவாக உப்பும் என்று ஒப்பிட, கற்றை நல்ல சாட்சி. கிடைத்த சதவீதத்தை அப்படியே உலைக்கு எடுத்துப்போனால் தவறு. கல்பாக்கத்திலேயே 1985 முதல் வேக ஈனுச் சோதனை உலை இருக்கு. அந்த மாதிரி உலைக்குள் வருஷக்கணக்கில் கிடந்து வெளிவரும் எஃகு சொல்வதுதான் தீர்ப்பு.

அடுத்த முறை "சில மணி நேரத்தில்" என்று படித்தால், எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஆழத்தில் என்று கேளுங்க.