ஒரு சுழற்சியும் ஒரு வீரரின் புகழும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே உலையில், ஒரே நெருப்பில் வெந்த அரிசி ஆதலின் சோற்றுக்கு அது பொருந்தும். காற்பந்தாட்டத்திற்கும் பொருந்துமா? செர்பிய வீரர் துசான் தாடிச் இணையத்தின் வழியே பெற்ற புகழ் இவ்வினாவை எழுப்புகின்றது.

2019 மார்ச் 5ஆம் நாள் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணப் போட்டியில், அக்கிண்ணத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றிருந்த ரியால் மத்ரித் குழுவை, அதன் சொந்தத் திடலிலேயே ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் குழு 4-1 எனத் தோற்கடித்தது. தாடிச் ஒரு கோல் புகுத்தினார். இரண்டு கோல்களுக்கு வழியமைத்தார். 18ஆம் நிமிடத்தில் பந்தின்மேல் காலை வைத்து, உடலை முழுவதும் சுழற்றிக் கசெமிரோவைக் கடந்து, டேவிட் நேரெசுக்கு அவர் தந்த பந்து கோலாயிற்று. சில நொடிகளே நீண்ட அச்சுழற்சி காணொளித் துண்டாகிக் கைப்பேசிதோறும் சுற்றி வந்தது. பிரெஞ்சு நாளேடாகிய லெக்கிப், தான் மிக அரிதாகவே வழங்கும் பத்துக்குப் பத்து மதிப்பெண்ணை அவருக்கு வழங்கிற்று.

இரண்டும் பாராட்டே. எனினும் ஏடு அளந்தது முழு ஆட்டத்தை. இணையம் கொண்டாடியது ஒரு துணுக்கை. பக்கவாட்டில் ஆடிப் பழகிய தாடிச்சைப் பயிற்றுநர் எரிக் டென் ஹாக் நடு முன்வரிசையில் நிறுத்தினார். அங்கே நில்லாமல் அவர் பின்னே இறங்கி வருவார். அவரைத் தொடர்வதா, நின்ற இடத்திலேயே நிற்பதா எனத் தடுப்பாட்டக்காரர் தயங்குவர். அத்தயக்கத்தில் திறக்கும் வெளியில் நேரெசும் ஹக்கிம் ஸியெக்கும் பாய்வர். காணொளித் துண்டு பந்தையே தொடர்ந்து செல்லும். வெற்றிடம் உண்டான விதத்தை அது காட்டுவதில்லை. தாடிச்சின் கலையோ பெரிதும் அவ்வெற்றிடத்திலேதான் இருக்கின்றது.

அக்கலை ஓர் இரவில் முளைத்ததும் அன்று. 2014 அக்டோபரில் சவுத்தாம்ப்டன் குழு சண்டர்லாந்தை 8-0 என வென்றபோது நான்கு கோல்களுக்கு வழியமைத்தவர் அவரே. 29ஆம் வயதில் அயாக்சில் சேர்ந்து, 2018-19 பருவத்தில் நெதர்லாந்து லீக்கில் 28 கோல்கள் அடித்தார். அப்பருவத்தில் லீக் பட்டமும் நாட்டுக் கிண்ணமும் அயாக்சையே சேர்ந்தன.

துணுக்குகளால் பயனே இல்லை என்பதும் பொருந்தாது. நள்ளிரவு கடந்து விழித்திருக்க இயலாத கீழ்த்திசை இரசிகருக்கு அவை ஒரு வாயில். வாயிலையே வீடெனக் கொள்வதுதான் பிழை. அப்பிழையால் இழப்பு தாடிச்சுக்கு அன்று. சுழலக் கற்றுச் சூழலைப் பார்க்கக் கல்லாத இளம் ஆட்டக்காரருக்கே.

அதே ஆண்டு மே 8ஆம் நாள் டாட்டன்ஹாமுக்கு எதிராக, தாடிச் தந்த பந்தை ஸியெக் கோலாக்க, அயாக்ஸ் இறுதிச் சுற்றின் வாயிலை எட்டியது. பின்னர் லூக்காஸ் மோரா மூன்று கோல்கள் அடித்தார். அவற்றுள் கடைசியானது 96ஆம் நிமிடத்தில் விழ, அயாக்ஸ் வெளியேறியது. மத்ரித்தின் சுழற்சியையும் இந்தத் தோல்வியையும், செர்பிய அணிக்காக 2024 வரை ஆடிய 111 ஆட்டங்களையும் சேர்த்து நோக்குவோரே தாடிச்சை அறிந்தவர் ஆவர். பானையில் வெந்தது ஒரே அரிசி. ஆட்டத்தில் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பதம் வேறு.