மேலவாசல் வண்டியும் கையிலுள்ள திரையும்

மன்னார்குடியை அடுத்து மேலவாசல் என்றோர் ஊர் உண்டு. 1931ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை என்பார் ஒரு மாட்டு வண்டியிலே நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நாற்றும் நடவுமாக இருக்கும் உழவன் நூலகத்தைத் தேடி நகரத்துக்கு வரமாட்டான். நூலகந்தான் அவனைத் தேடிப் போக வேண்டும். சீர்காழியிலே பிறந்து, இந்திய நூலக இயலின் தந்தை எனப் பெயர்பெற்ற எஸ். ஆர். அரங்கநாதனின் ஊக்கமும் இம்முயற்சிக்குத் துணை நின்றது. நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை வகுத்து அவர் எழுதிய நூலும் அதே 1931இல்தான் வெளிவந்தது. நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை, பூட்டி வைப்பதற்கு அல்ல என்பது அவ்விதிகளுள் முதலாவது.

அச்சு நூல் சிறந்ததா, மின்னூல் சிறந்ததா என்று இன்று நடைபெறும் வழக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டியே நினைவுக்கு வருகிறது. வழக்காடுவோர் இரு சாராரும் வண்டியைப் பற்றியே பேசுகின்றனர். வண்டி வந்து நின்ற திண்ணையில் யார் அமர்ந்து படித்தார் என்பதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அச்சு நூலின் பக்கம் நிற்பவர்கள் தாளின் மணத்தைச் சொல்லி உருகுகிறார்கள். பழைய நூலின் மணம் என்பது பெரும்பாலும் தாள் மட்கிப் போவதன் மணமே. அதை முகர்ந்து மகிழ்வது நோயாளியின் காய்ச்சலைக் கண்டு முகம் சிவந்திருக்கிறது என்று பாராட்டுவதைப் போன்றது. மின்னூலின் பக்கம் நிற்பவர்களோ ஆயிரம் நூல்களைச் சட்டைப்பையில் கொண்டு போகலாம் என்கிறார்கள். போகலாம்தான். ஆயிரம் நூல்களைச் சுமப்பவர் ஒன்றையேனும் முடித்தாரா என்று கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடுகிறது.

ஆய்வாளர்களும் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கிய ஒரு மதிப்பீடு 2018இல் வெளிவந்தது. செய்தியும் விளக்கமும் நிறைந்த பகுதிகளைத் தாளில் படித்தோர் திரையில் படித்தோரைவிட ஓரளவு நன்றாகப் புரிந்துகொண்டனர். நேர நெருக்கடி இருக்கையில் வேறுபாடு மிகுந்தது. கதைகளில் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. பயனுள்ள முடிவு. ஆனால் இது தனியொருவர் படிப்பதைப் பற்றியது. நம் வீடுகளில் அன்றாட வாசிப்பு தனியொருவர் செயலாக இருந்ததில்லை.

எங்கள் வீட்டில் இஷாத் தொழுகைக்குப் பிறகு அத்தா சீறாப்புராணத்தை எடுத்து வைத்துக்கொள்வார். நாளொன்றுக்குப் பத்துப் பாட்டு, மிஞ்சினால் பதினைந்து. பாட்டியார் வெற்றிலைத் தட்டோடு தூணில் சாய்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், அத்தா ஒரு சீரை விழுங்கிவிட்டால் உடனே திருத்துவார். சிறுவர்களாகிய எங்களுக்கு அடிக்குறிப்பில் உள்ள பொருளைப் படித்துச் சொல்லும் வேலை. நூல் ஒன்று, படிப்போரும் கேட்போரும் ஏழெட்டுப் பேர். பகலில் அது சாய்மேசையின்மீது திறந்தபடியே கிடக்கும். போகிற வருகிற எவரும் இரண்டு வரி பார்த்துவிட்டுப் போகலாம்.

கைப்பேசியிலுள்ள நூலுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அது ஒருவருடைய பெட்டி. அவருடைய விரல் பட்டால்தான் திறக்கும். தந்தை குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் உமறுப் புலவரைப் படிக்கிறாரா, வாழைக்காய் விலையைப் பார்க்கிறாரா என்று பிள்ளைக்குத் தெரியாது. படிக்கும் தந்தையைப் பார்த்தே படிக்கக் கற்ற தலைமுறைகள் நம்முடையவை. அச்சு நூலுக்கு நான் தரும் முதல் மதிப்பெண் இதற்காகவே. அது வீட்டின் பொதுச்சொத்து. கண்ணுக்குத் தெரியும்படி கிடப்பது.

இனி மின்னூலுக்குரிய நீதியையும் வழங்க வேண்டும். சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். 5,027 பாடல்களைக் கொண்ட அக்காப்பியம் ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தது 1842இல். காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் பதிப்பு அது. அதன் பின்னரும் பதிப்புகள் வந்தன, வந்தவை தீர்ந்தன, தீர்ந்தவை எளிதில் மறுபடி வரவில்லை. நம் புலவர்கள் பாடிய படைப்போர், கிஸ்ஸா, மசலா, நாமா ஆகியவற்றின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. சிற்றூர்ப் பெட்டியொன்றில் ஒற்றைப் படியாகக் கிடந்து கரையான் வாய்ப்பட்டவை எத்தனையோ.

இந்நிலையில் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. ஊதியம் கருதாத அன்பர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு அனுப்பினர். அவ்வரிசையிலே சீறாப்புராணமும் இடம்பெற்றது. இன்று கோலாலம்பூரில் கடை வைத்திருக்கும் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் காசில்லாமல் அதைப் பெறலாம். விமானச் சுமைக்குக் கிலோக் கணக்குப் பார்த்து, நூலா ஊறுகாயா என்று திகைக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது காப்பியத்தில் எங்கெங்கே வருகிறதென்று நொடியில் காட்டுகிறது. அத்தா காலத்தில் அதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்திருக்கும்.

ஆனால் அங்குள்ளது மூலம். சீர் பிரித்து, அருஞ்சொல் விளக்கி, அறபுச் சொல்லின் பொருளைக் கீழே தந்து நிற்கும் உரைப்பதிப்பின் பணியை மூலம் மட்டுமே செய்துவிடாது. மின்னூலாகிவிட்டது, இனி அச்சிடுவானேன் என்று பதிப்பகத்தார் கைகழுவுவது அதனால்தான் தவறு. தேடுவோனுக்கு மூலம் போதும். அன்றாடம் படிப்போனுக்கு உரை வேண்டும்.

மின்னூல் என்ற பெயரில் உலவும் இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நூலின் பக்கங்களை அப்படியே படம் பிடித்துக் கோவையாக்கி விடுகிறார்கள். காப்பகத்துக்கு அது இன்றியமையாதது. அத்தொண்டை நான் போற்றுகிறேன். அன்றாட வாசிப்புக்கு அது பெரும் துன்பம். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை வலமும் இடமுமாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான்காவது வரியில் மனிதனுக்கு அலுத்துவிடும். எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்ட நூலையே மின்னூல் எனல் வேண்டும். மற்றதை நூலின் நிழற்படம் என்று சொல்லிக்கொள்ளலாம். எழுத்தாக்கிய நூலிலும் ஒரு காலத்தில் இடர் இருந்தது. ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சிட்டவை அவ்வெழுத்துரு மறைந்ததும் படிக்க இயலாத குறிகளாய் நின்றன. ஒருங்குறி வந்து நிலைபெற்ற பின்னரே அத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

அச்சிட்டது நிலைக்கும் என்பாரும் சற்றே நிதானிக்க வேண்டும். நம் முன்னோர் அறபுத் தமிழில் எத்தனை நூல்களை அச்சிட்டனர்! பெண்கள் அவ்வெழுத்தில் கடிதம் எழுதினர். மார்க்கச் சட்டம் முதல் மருத்துவம் வரை அவ்வெழுத்தில் படித்தனர். அந்நூல்கள் பல இன்றும் நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. தாள் இருக்கிறது, மை இருக்கிறது. எடுத்து ஒரு பக்கம் படிக்கப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எழுத்துரு மறைந்த மின்னூலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நூல்கள் ஓரிடத்திலே குவிந்திருப்பதன் கேட்டை 1981இல் யாழ்ப்பாணத்தில் கண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் அந்நூலகம் எரிந்தது. ஈழத்து எழுத்துக்களை மின்வடிவில் காக்கும் நூலகத் திட்டம் 2005இல் தோன்றியதன் அருமை அதை எண்ணினால் விளங்கும். மின்னூலோ விலை கொடுத்து வாங்கிய பின்னும் முழுதும் நம்முடையதாவதில்லை. 2009இல் அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை, உரிமைச் சிக்கலைக் காட்டி, வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பின்னர் வருத்தமும் தெரிவித்தார்கள். நம் அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துப் போக எந்தக் கடைக்காரருக்கும் கை நீளாது.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் எங்கள் பகுதியை அடித்துப் போட்டபோது இரண்டையும் ஒருங்கே சோதிக்க நேர்ந்தது. ஓடு பறந்த கூரையின் கீழ் இருந்த நூல்கள் ஊறிப் பருத்துப் போயின. கைப்பேசிகளின் உயிர் இரண்டாம் நாளே அடங்கியது. மின்சாரமோ நெடுநாள் வரவில்லை. நனைந்தவற்றுள் தேறியதை முற்றத்தில் விரித்து உலர்த்தி, அகல் விளக்கில் படித்தோம். தேறாதவற்றுள் இரண்டைப் பிற்பாடு மின்வடிவில் தேடியெடுத்தேன். வெற்றி யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஆயினும் அன்றாட வாசிப்புக்கு எது என்று கேட்டால் அச்சு நூல் என்றே சொல்வேன். தேடுவதற்கும், தொலைவிலிருப்போர்க்கும், அழியும் நூலைக் காப்பதற்கும் மின்னூல். நாள்தோறும் நாலு பேர் நடுவே திறந்து வைக்க அச்சு நூல்; அதுவும் உரையோடும் பெரிய எழுத்தோடும், மலிவு விலையில் வர வேண்டும். பொடியெழுத்தில் நெருக்கி அச்சிட்டுப் பொன்னெழுத்து அட்டை போட்டு அலமாரிக்கு அழகு சேர்க்கும் பதிப்புகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அத்தா படித்த அந்தச் சீறாப்புராணம் புயலுக்குத் தப்பியது; தையல் மட்டும் விட்டுப்போயிற்று. சென்ற ஆண்டு மன்னார்குடியில் பைண்டு செய்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே அதைக் கண்டவர், "இதை இன்னும் படிக்கிறீங்களா, பாய்?" என்று கேட்டுவிட்டு எட்டு நாள் தவணை சொன்னார். அந்த எட்டு நாளும் இஷாவுக்குப் பிறகு கைப்பேசியில் மதுரைத் திட்டத்தின் பாடத்தைத் திறந்து நான் படித்தேன். பிள்ளைகள் முதல் நாள் வந்தார்கள், மறுநாள் வரவில்லை. என் தாயார் மட்டும் மூன்றாம் நாள் அருகில் வந்தமர்ந்து, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கண்ணாடி இல்லாமலே ஒரு பாட்டைத் தாமே படித்தார். கண்புரை வந்த பிறகு அவர் படித்த முதற்பாட்டு அது. ஒன்பதாம் நாள் நூல் காலிகோ முதுகோடு வீடு திரும்பியது. பிள்ளைகள் மீண்டும் வந்து அமர்ந்தார்கள். தாயார் மட்டும் கைப்பேசியைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் எந்தச் சீரையாவது விழுங்கினால் அதிலே பார்த்துத் திருத்துகிறார்.