பதினாறு கட்டங்களும் ஓர் உறுமியும்

எலெக்ட்ரானிக் இசை செய்யக் கற்பவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் பயிற்சி பிரேக்பீட். பழைய இசைத்தட்டு ஒன்றில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து டிரம்மர் மட்டும் வாசிக்கும் சில நொடிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் ஒவ்வோர் அடியையும் கணினித் திரையின் கட்டங்களில் நிரப்பி, அதே ஓட்டத்தை மறுபடி வரவழைக்க வேண்டும். லண்டனில் கற்பவருக்கும் போடிநாயக்கனூரில் கற்பவருக்கும் பாடம் ஒன்றுதான். இது அருமையான பயிற்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்று அது கற்பிக்கப்படும் முறை, அதன் உயிரான பகுதியையே கற்பவரிடமிருந்து மறைத்துவிடுகிறது. ஏலமலை அடிவாரத்துப் போடியில் உட்கார்ந்து கற்பவருக்கு இந்தக் குறை இன்னும் கூடுதலாக உறைக்கும்.

எல்லோரும் எடுத்துக்கொள்ளும் உதாரணத்தையே நானும் எடுக்கிறேன். 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு 1969இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரிகோரி கோல்மன் தனியாக வாசித்த நான்கு பார் (தாளச் சுற்று), ஏறத்தாழ ஏழு நொடி. ஒரு பாரைப் பதினாறு கட்டமாகப் பிரித்தால் முதல் பாரில் கிக் (காலால் மிதித்து அடிக்கும் டிரம்) 1, 3, 11, 12ஆம் கட்டங்களில் விழுகிறது. ஓங்கிய ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் டிரம்) 5இலும் 13இலும். இவ்வளவையும் நிரப்பிவிட்டுக் கேட்டால் கணக்கு சரியாக இருக்கும், ஆட்டம் மட்டும் வராது. 8, 10, 16 ஆகிய கட்டங்களில் குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் விழும் மெல்லிய ஸ்னேர் அடிகள் இருக்கின்றன. கோஸ்ட் நோட் என்று இசைக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். ஓங்கிய அடிக்கு 115 என்று விசை வைத்தால் இவற்றுக்கு 35, 40 போதும். அந்த மூன்று சின்ன அடிகளையும் சேர்த்தவுடன் அதே தாளம் எழுந்து நடக்கத் தொடங்குகிறது. மூன்றாம் பாரில் இன்னொரு வேலை செய்கிறார் கோல்மன். 13இல் விழவேண்டிய ஸ்னேரை 15க்குத் தள்ளிவிடுகிறார். கால் ஊன்றப்போன இடத்தில் அடி இல்லை. உடம்பு ஒரு கணம் தடுமாறிப் பிறகு பிடித்துக்கொள்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜங்கிள் இசை செய்தவர்கள் இந்த நான்கு பாரை நிமிடத்துக்கு 160 துடிப்புக்கு மேல் வேகப்படுத்தி, துண்டு துண்டாக வெட்டி, மாற்றி அடுக்கி ஒரு தனி இசை வகையையே கட்டினார்கள்.

இந்தப் பயிற்சியின் பெரிய பலம், மெல்லிய அடிக்குக் காதைத் திறந்துவிடுவது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த பகுதியைக் காதால் மட்டுமே கேட்டு நிரப்பி முடித்த ஒருவர், அதன் பிறகு ஒரு தவிலைப் பழைய காதோடு கேட்க முடியாது. வலந்தலையில் விழும் பெரிய அடிகளுக்கு நடுவே விரல்கள் நிரப்பிக்கொண்டே போவது அவருக்குத் தனித்தனியாகக் கேட்கும். இந்தப் பலனை வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எத்தனை பேர் காதால் கேட்டு நிரப்புகிறார்கள்? கட்டங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்ட படம் ஒன்று கிடைக்கிறது. அதைப் பார்த்து எண்களைப் போட்டால் இரண்டே நிமிடத்தில் ஆமென் தயார். கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய மூன்று மெல்லிய அடிகள், பார்த்து எழுதும் மூன்று எண்களாகிவிடுகின்றன. பயிற்சி முடிந்தது என்ற நிறைவு வந்துவிடும், காது மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். மிருதங்கமானாலும் பறையானாலும் நம் ஊர்களில் அடியை வாயால் சொல்லிப் பழகியே கைக்குக் கொண்டுவருகிறார்கள். பிரேக்பீட்டுக்கும் அதைச் செய்யலாம். கோல்மனின் ஒரு பாரை மெல்லடிகளோடு வாயால் சொல்ல வந்த பிறகே மௌஸைத் தொடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், இந்தக் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

'ஹியூமனைஸ்' பொத்தான் இதைவிட ஏமாற்றமானது. கட்டத்தில் வைத்த அடிகள் விறைப்பாக ஒலிப்பதால், மென்பொருள் ஒவ்வோர் அடியையும் கண்டபடி சில மில்லிநொடி முன்னும் பின்னும் நகர்த்துகிறது. நல்ல டிரம்மர் அப்படிக் கண்டபடி நகர்வதே இல்லை. ஸ்னேரைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ அதே அளவுக்கு இழுக்கிறார். அவர் கையில் இருப்பது பிழையன்று, பழக்கம். குலுக்கல் எண்களால் அந்தப் பழக்கத்தை உண்டாக்க முடியாது.

அடுத்தது கட்டமே தரும் சிக்கல். ரோலண்ட் டி.ஆர்.-808 இயந்திரம் 1980இல் பதினாறு பொத்தான்களோடு வந்தது. இன்று பலர் கற்கும் எஃப்.எல். ஸ்டுடியோவும் திறந்தவுடன் பதினாறு கட்டங்களையே காட்டுகிறது. துடிப்புக்கு நான்கு கட்டம், நமக்குத் தெரிந்த சதுஸ்ரம். பிரேக்பீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் தேனி மாவட்டத்துத் திருவிழாக்களில், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவானாலும் மலையடிவாரத்துச் சின்னக் கோயில் கொடையானாலும், ஆட வைக்கும் அடிகளில் பல திஸ்ரம், துடிப்புக்கு மூன்று. இதை எதிர்கொள்ள மென்பொருளில் 'ஸ்விங்' இருக்கிறதே என்பார்கள். ரோஜர் லின் தன் டிரம் இயந்திரங்களில் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஜோடியாக வரும் இரண்டு கட்டங்களில் இரண்டாவதைத் தாமதப்படுத்துகிறது. 50 சதவீதம் என்றால் நேர்நடை. 66க்குக் கொண்டுபோனால் திஸ்ரம்போல் ஒலிக்கும். ஆனால் அப்போதும் 'தகிட'வில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும்தான் இடம் உண்டு. நடுவில் இருக்கும் 'கி' விழுவதற்குக் கட்டமே கிடையாது. பம்பையும் தவிலும் உருளுவது அந்த நடு எழுத்தில்தான். கட்டத்தைப் பன்னிரண்டாக மாற்றிக்கொள்ள பெரும்பாலான மென்பொருள்களில் வழி இருக்கிறது. பாடங்கள்தான் அந்தப் பக்கம் போவதில்லை. அதனால் ஊர் அடியைக் கணினியில் கொண்டுவர முயலும் இளைஞர், அது 'செட் ஆகவில்லை' என்று கைவிட்டு, தயாராகக் கிடைக்கும் குத்து லூப் ஒன்றைப் போட்டுவிடுகிறார்.

கணினி இந்த மண்ணுக்கு ஒட்டாது என்று நான் சொல்லவில்லை. இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இலேயே 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி சீக்வென்சரைக் கையாண்டவர். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' தொகுப்புக்காகச் சென்னையில் உறுமிக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார். அந்த அடிகள் அவர் பாட்டுகளில் ஓரத்து அலங்காரமாக நிற்கவில்லை, பாட்டையே தூக்கிச் சுமக்கின்றன.

பதிவு என்று வரும்போது கோல்மனின் கதையை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. உலகில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட டிரம் வாசிப்புகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் அவர். அதற்காக ஒரு காசும் பெறாமல், வீடில்லாதவராக 2006இல் இறந்தார். ஸ்டபிள்ஃபீல்டுக்கும் இப்படி வெட்டி எடுக்கப்பட்ட சாம்பிள்களிலிருந்து பணம் வரவில்லை. வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த தொகை கோல்மன் இறந்த பிறகே வந்தது. பிரேக்பீட் பாடங்களில் இந்தச் செய்தி வந்தாலும் சுவாரசியத் துணுக்காகவே வருகிறது. அதைப் பாடத்தின் நடுவில் வைக்க வேண்டும். திருவிழாவில் வாசிக்கும் நையாண்டி மேளக் குழுவைக் கைபேசியில் பதிந்துவந்து லூப் செய்வது இன்று மிகச் சுலபம். அந்தக் கலைஞர்கள் பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் கூலியில் வாழ்பவர்கள். கேட்டுப் பதிவதும், பணம் கொடுப்பதும், பெயர் போடுவதும் கற்றலின் முதல் நாளிலேயே வர வேண்டிய பழக்கங்கள். பதினாறு கட்டத்தைப் பொறுமையாகக் கற்பிக்கிறவர்கள் இதைக் கற்பிக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டத்தைப் போலவே வெட்டும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது; உறுமி அதைக் காட்டும். போடி ஜமீனை ஆண்ட இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தின் தேவராட்டத்துக்கு வாசிக்கப்படுவது தேவதுந்துபி, உறுமி வகை வாத்தியம். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது அந்த உறுமல் தாழ்ந்து எழுந்து அடுத்த அடிவரைக்கும் நீள்கிறது. பிரேக்பீட்டை வெட்டும் மென்பொருள்கள் ஒலி திடீரென எழும் இடத்தைத் தேடி அங்கே கோடு போடுகின்றன. ஸ்னேருக்கு அது கச்சிதமாக வேலைசெய்யும். தேய்க்கும் ஒலிக்கு அப்படித் திடீரென எழும் முனை இல்லாததால், உறுமியின் பாதி வாசிப்பு மென்பொருளின் கணக்கில் இரண்டு அடிகளுக்கு இடையிலான வெற்றிடம். பழகியபடி வெட்டி மாற்றி அடுக்கினால் உறுமல் நடுவில் அறுபடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தானியங்கிக் கோடுகளை அழித்துவிட்டு, உறுமல் எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்று காதால் தேடிக் கையால் வெட்ட வேண்டும். கோல்மனின் மெல்லடிகளைப் படம் பார்த்து நிரப்பியவருக்கு இது வராது. கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தவருக்கு வரும்.