எஜமானுக்கு ஒரு சாண்ட்விச்: ஹாரி பாட்டரைப் பிடிக்காமல் போவது பற்றி

1

"பிள்ளைங்க படிக்கிற மாயாஜாலக் கதை. அதுல போயி என்னத்த அரசியல் தேடுறீங்க?" ஹாரி பாட்டர் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்களிடமிருந்து முதலில் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் நாவலையும் சினிமாவையும் வரிவரியாகப் பிரித்துப் போடுகிறவர்கள். குழந்தைகளுக்கென எழுதப்பட்டது என்றதும் அவர்களுடைய கத்தி உறைக்குள் போய்விடுகிறது. கருத்தியல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே நுழைகிற வயது அதுதான் என்பது மறந்துபோகிறது.

1997 ஜூன் 26இல் லண்டனின் புளூம்ஸ்பரி பதிப்பகம் முதல் நூலை வெளியிட்டபோது கெட்டி அட்டையில் அச்சிட்டது 500 படிகள்தான். 2007 ஜூலையில் ஏழாவது நூலோடு வரிசை முடிந்தது. இன்றுவரை 50 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. இத்தனை பேருக்குப் பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். பிடிக்காதவர்கள் எல்லோரும் ஒரே அணியில் இல்லை. யார், எதற்காக வெறுக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்த வெறுப்போடு நாம் நிற்க முடியும் என்பது தெரியும்.

முதல் அணி மதத்தின் அணி. அமெரிக்க நூலகச் சங்கம் 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் அதிக எதிர்ப்புக்கு ஆளான நூல்களைப் பட்டியலிட்டபோது முதலிடத்தில் இருந்தது ஹாரி பாட்டர். 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊரில் ஒரு தேவாலயத்தார் இந்நூல்களைத் தீயில் போட்டார்கள். 2019 மார்ச்சில் போலந்தின் க்டான்ஸ்க் நகரில் பாதிரியார்கள் அதையே செய்தார்கள். சூனியத்தைக் கற்றுக்கொடுக்கிறது, சாத்தானிடம் கொண்டுபோய்விடுகிறது என்பது குற்றச்சாட்டு. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையின் மந்திரத்தை முழுசாக நம்புகிற வாசகர்கள் இவர்கள் மட்டும்தான். கடைசி நூலில் ஹாரி தன் பெற்றோரின் கல்லறைக்குப் போகிறான். அங்கே கல்லில் பொறித்திருப்பது பைபிள் வாசகம். பிறருக்காகச் சாகப் போய் உயிரோடு எழுந்து வருகிறான். இவ்வளவு கிறித்தவமான பிரதியைக் கொளுத்துகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கொளுத்தவில்லை.

2

இரண்டாவது அணி இலக்கியத்தின் அணி. 2000 ஜூலையில் ஹெரால்ட் ப்ளூம் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். மூன்றரைக் கோடிப் பேர் வாங்கியிருக்கிறார்களே, அத்தனை பேரும் தவறா என்று கேட்டுக்கொண்டு, ஆமாம் தவறுதான் என்று தலைப்பிலேயே முடித்துவிட்டார். நூலின் ஒரு பக்கத்தை எடுத்துத் தேய்ந்த சொற்றொடர்களை எண்ணிக் காட்டினார். 2003 ஜூலையில் நாவலாசிரியை ஏ. எஸ். பயட் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். பழைய குழந்தை இலக்கியங்களிலிருந்து எடுத்து ஒட்டிய இரண்டாங்கை உலகம் இது, தொலைக்காட்சித் தொடர்களுக்குள் கற்பனை அடங்கிப்போனவர்களுக்கானது என்றார்.

நடை பற்றி இவர்கள் சொன்னது பொய்யில்லை. ரௌலிங்கின் உரைநடை வேலையை முடிக்கிற உரைநடை, அதற்குமேல் எதுவுமில்லை. ஆனால் இந்த விமர்சனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். அது பிரதியைவிட வாசகனையே அதிகம் திட்டுகிறது. 'நல்ல' நூல்களின் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதன் காவலர்கள் நாங்கள், நீ தப்பான வாசலில் நிற்கிறாய் என்கிறது. குழந்தை ஒரு காலிப் பாத்திரம், அதில் எதை ஊற்றுகிறோமோ அதுவாகிவிடும் என்ற நம்பிக்கையில் தேவாலயத்தாரும் பேராசிரியரும் ஒன்றாகவே நிற்கிறார்கள். ஒருவர் பயம் நரகம். மற்றவர் பயம் மோசமான நடை.

இதிலே இன்னொரு தவறவிட்ட இடமும் உண்டு. ரௌலிங்கின் கதைக்குப் பின்னால் தாமஸ் ஹ்யூஸ் 1857இல் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' இருப்பதைச் சுட்டிக்காட்டியவர் ப்ளூம்தான். அது ரக்பி உறைவிடப் பள்ளியைப் பற்றிய நாவல். இல்லங்கள், விளையாட்டு, தலைமையாசிரியர் மீது பக்தி, கொடுமைக்காரப் பெரிய பையன் என்று ஹாக்வார்ட்ஸின் அஸ்திவாரம் முழுக்க அங்கே கிடக்கிறது. அந்த நாவலின் முடிவில் டாமின் நெருங்கிய நண்பன் ஈஸ்ட் ராணுவத்தில் சேர்ந்து எங்கே போகிறான் தெரியுமா? இந்தியாவுக்கு. ஆளப்போகிறவர்களைத் தயாரித்த பள்ளி அது. அந்த அச்சில் வார்த்த கதையை 1990களில் உலகக் குழந்தைகளெல்லாம் தங்கள் கனவாக ஏற்றது எப்படி என்று கேட்டிருக்கலாம். ப்ளூம் கதவுவரை வந்துவிட்டுத் தேய்ந்த சொற்றொடர்களை எண்ணப் போய்விட்டார்.

உள்ளே எட்டிப்பார்த்தவர் உர்சுலா லெ குவின். 1968இலேயே 'எர்த்சீ'யின் முதல் நூலில் மந்திரவாதிகளின் பள்ளியை எழுதியவர். அதன் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். 2004இல் கார்டியன் இதழ் கேட்டபோது, நடை சாதாரணம், கற்பனை பிறரிடமிருந்து வந்தது என்பதோடு நிறுத்தாமல், நெறியளவில் இதில் ஒரு ஈவிரக்கமின்மை இருக்கிறது என்ற பொருளிலும் சொன்னார். முதல் இரண்டும் ரசனைத் தீர்ப்புகள். மூன்றாவது வேறு. அதைப் பிரதிக்குள்ளேயே போய்ச் சோதித்துப் பார்க்கலாம்.

3

அதற்கான இடம் சமையலறை.

ஹாக்வார்ட்ஸில் விருந்து தானாக மேசையில் முளைக்கிறது. படுக்கை தானாக விரிகிறது. நான்காவது நூலில்தான் (2000) தெரியவருகிறது: கீழே சமையலறையில் நூற்றுக்கு மேற்பட்ட வீட்டு எல்ஃப்கள் இருக்கின்றன. நம் கதைகளின் ஏவல் குட்டிச்சாத்தான் மாதிரி. ஆனால் அதன் குறும்பும் திருப்பியடிக்கிற குணமும் பிடுங்கப்பட்டவை. கூலி கிடையாது, விடுப்பு கிடையாது, உடுப்பு கிடையாது. எஜமான் துணி கொடுத்தால் விடுதலை. கட்டளையை மீறினால் தன்னைத்தானே அடித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பார்த்து அதிர்கிறவள் ஹெர்மயனி ஒருத்திதான். சங்கம் அமைக்கிறாள், பேட்ஜ் செய்து விற்கிறாள், கூலியும் விடுப்பும் கேட்கிறாள். பிரதி அவளை என்ன செய்கிறது? சங்கத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'வாந்தி' என்று வருகிறது. ரான் கிண்டலடிக்கிறான், ஹாரி நழுவுகிறான். சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்ஃப்களே முகம் சுளிக்கின்றன. அடுத்த நூலில் அவள் தொப்பி பின்னி மறைத்து வைக்கிறாள். அவமானம் தாங்காமல் மற்ற எல்ஃப்கள் அந்தப் பகுதியைச் சுத்தம் செய்யவே வர மறுக்கின்றன. போராடுகிறவள் சிரிப்புக்குரியவள், அடிமைகளோ சந்தோஷமாக இருக்கிறார்கள். அடிமை முறையை நியாயப்படுத்தியவர்கள் எந்தக் காலத்திலும் சொன்னது இதைத்தானே?

விடுதலை பெற்ற டாபியின் பேரம் இதைவிட மோசம். டம்பிள்டோர் வாரம் பத்து காலியன் கூலியும் வார இறுதி விடுப்பும் தருகிறேன் என்கிறார். டாபி பேசிப் பேசிக் குறைத்து வாரம் ஒரு காலியன், மாதம் ஒருநாள் விடுப்பு என்று முடிக்கிறான். விடுதலை பிடிக்கும், ரொம்ப வேண்டாம் என்கிறான். குழந்தை இதைப் படித்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எங்கே தயாராகிறது என்று கேட்பதுதான் நம் வேலை.

"இல்லையே, ரௌலிங் எல்ஃப்களின் பக்கம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சிரியஸ் சாவதற்கு ஒரு காரணம் அவன் கிரீச்சரை நடத்திய விதம் என்று பிரதியே சொல்கிறது. டாபிக்கு ஹாரி மந்திரமில்லாமல் தன் கையால் குழிவெட்டுகிறான், விடுதலையானவன் என்று கல்லில் பொறிக்கிறான். கடைசி நூலில் ஹாரி அன்பாக நடத்தியதும் கிரீச்சர் அடியோடு மாறி, எல்ஃப்களைத் திரட்டிக்கொண்டு அவன் பக்கம் சண்டைக்கு வருகிறான். எல்லாம் சரி. ஆனால் இவை சொல்லும் பாடம் ஒன்றுதான்: அடிமையை நன்றாக நடத்து. கெட்ட எஜமானுக்கு மாற்று, நல்ல எஜமான். எஜமான் என்கிற இடத்தின் மேல் பிரதி கை வைப்பதில்லை.

கிரீச்சர் ஹாரிக்கு எப்படிக் கிடைத்தான்? ஆறாவது நூலில் சிரியஸின் வீட்டோடு வாரிசுச் சொத்தாக. ஏழு நூல்களின் போர் முடிகிறது. வால்டமோர்ட் செத்துவிட்டான். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய முடிவுரைக்கு முன்னால், கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், களைத்துப்போன ஹாரி படுக்கையை நினைக்கிறான்; கிரீச்சர் அங்கே ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து கொடுப்பானா என்று யோசிக்கிறான். உலகம் காப்பாற்றப்பட்டுவிட்டது. காப்பாற்றியவனுக்கு அடிமை சாப்பாடு கொண்டுவர வேண்டும். இதில் ரௌலிங்கின் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. கவனிக்காமல் எழுதிப்போனதாகவே இருக்கட்டும். கவனிக்காமல் எழுத முடிந்தது என்பதுதான் விஷயம்.

2005இல் வந்த நான்காவது படத்தில் ஹெர்மயனியின் சங்கம் இல்லை. நீளம் குறைக்க வெட்டுகிறவர்களுக்கு எதை வெட்டலாம் என்று தெரிந்திருந்தது.

4

அப்படியானால் இரத்தத் தூய்மைக்கு எதிரான கதை என்று கொண்டாடப்படுவது? வில்லன் கூட்டம் தூய இரத்தம் பேசுகிறது. நல்லவர்கள் அதை எதிர்க்கிறார்கள். உண்மை. ஆனால் மந்திரம் இங்கே படித்து வருவதில்லை, பிறப்பால் வருகிறது. ஹாரி பிறந்ததிலிருந்தே அவன் பெயர் பள்ளியில் பதிவாகியிருக்கிறது என்று முதல் நூலிலேயே ஹேக்ரிட் பெருமையாகச் சொல்கிறான். மந்திரவாதிக் குடும்பத்தில் மந்திரமில்லாமல் பிறந்த ஃபில்ச் பள்ளிக் காவலாளியாக வெந்து சாக வேண்டியதுதான். மந்திரமில்லாத முகாம் நிர்வாகி ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்துமுறை நினைவு அழிக்கப்படுகிறது. அதைச் செய்கிறவர்கள் நல்லவர்கள், அது நகைச்சுவைக் காட்சி. பிறப்பால் வரும் தகுதிக்குள்ளே தூய்மை பார்க்காதே என்கிறது பிரதி. தகுதி பிறப்பால் வருவதையே கேள்வி கேட்பதில்லை. இந்த வித்தியாசம் நம் ஊர் வாசகனுக்கு விளக்காமலே புரியும்.

மூன்றாவது அணி இங்கேதான் வருகிறது. இவர்கள் புத்தகத்தைக் கொளுத்தியவர்களும் அல்ல, மேலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டவர்களும் அல்ல. பத்து வயதில் இந்நூல்களோடு தூங்கியவர்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு என்று நம்பியவர்கள். அவர்களில் திருநர் வாசகர்கள் பலர். 2020 ஜூனில் ரௌலிங் தன் நீண்ட கட்டுரையை வெளியிட்டபோது, தாங்கள் யார் என்பதையே அது மறுக்கிறது என்று அவர்கள் உணர்ந்தார்கள். பெண்களின் உரிமைக்காகவே பேசுவதாக ரௌலிங் சொல்கிறார். 'பெண்' என்பது பிறப்பின் பாலையே குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்குப் பொருள் சொன்னதே, அந்த வழக்கைக் கொண்டுபோன அமைப்புக்கு அவர் பணம் கொடுத்திருந்தார்.

'ஆசிரியனின் மரணம்' என்று 1967இல் பார்த் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பிரதி எங்களுடையது, ஆசிரியர் இல்லை என்று பலர் சொல்லிப்பார்த்தார்கள். நாமும் இங்கே அதை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! ஆனால் உரிமைத்தொகை வாங்குகிற ஆசிரியர் அவ்வளவு லேசில் சாகமாட்டார். கோட்பாட்டில் செத்தவர் கணக்குப் புத்தகத்தில் உயிரோடிருக்கிறார்.

இவர்கள் திரும்பிப்போய் நூல்களைப் படித்தபோதுதான் சமையலறை கண்ணில் பட்டது என்று பலர் சொல்கிறார்கள். அதனால் அவர்களது வாசிப்பு பழிவாங்கல் என்று ஒதுக்குகிறார்கள் சிலர். அப்படியே இருக்கட்டுமே. காயம்பட்டவன் கண்ணுக்குத் தெரிவது அங்கே முன்பும் இருந்ததுதான். இதிலே இன்னொன்றும் உண்டு. அநியாயத்தைக் கண்டால் பேட்ஜ் குத்திக்கொண்டு நில், நண்பர்கள் சிரித்தாலும் நில் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? ஹெர்மயனிதான். பிரதி சிரித்துக் கைவிட்ட அவளை வாசகர்கள் கைவிடவில்லை. அவள் பாதியில் விட்ட கேள்வியை அவளை எழுதியவரிடமே கேட்கிறார்கள். ஒரு வாசகிக்கு ஒரு நூல் பிடிக்காமல் போவதில் மதிக்கத்தக்க வடிவம் இதுதான் என்று நினைக்கிறேன். அது நூலுக்குள்ளேயே பிறக்கிறது.

ஆகவே குழந்தைகளிடமிருந்து இந்நூல்களைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடுங்குகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட உட்கார்ந்து படிக்கலாம். அந்தக் கடைசிப் பக்கம் வரும்போது, "கிரீச்சர் சாப்பிட்டானா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம், பிள்ளை என்ன சொல்கிறது என்று பொறுமையாகக் கேட்கலாம். நம்மில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் மிச்சமிருக்கிறது. நாளைக்கு நாம் எழுதப்போகிற குழந்தைக் கதையில், போர் முடிந்த ராத்திரி, சோறு யார் ஆக்குவார்கள்?