எண்ணப்படாத நிமிஷங்கள்

சாவைத் தொட்டுத் திரும்புகிறவன் புது மனிதனாகத்தான் திரும்ப வேண்டும் என்று நம் கதைகளில் ஒரு விதி ஏற்பட்டிருக்கிறது. கிணற்றில் விழுகிறான், அல்லது ஆஸ்பத்திரியில் கண் செருகுகிறான். கடைசிப் பாராவில் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொள்கிறான். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் துளிர்த்திருக்கிறது. மரம் துளிர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த மாதம் அந்த ஆள் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் புகார். டாக்டர்கள் கேட்கிறார்கள். 2001-ல் 'லான்ஸெட்'டில் வந்த டச்சு ஆய்வு ஒன்றில், இதயம் நின்று பிழைத்த 344 பேரில் 62 பேர் அந்த நேரத்தில் ஏதோ ஒன்று தங்களுக்கு நேர்ந்ததாகச் சொன்னார்கள். உயிரோடிருந்தவர்களை இரண்டு வருஷம் கழித்தும், மறுபடி எட்டு வருஷம் கழித்தும் தேடிப்போய் விசாரித்திருக்கிறார்கள். எட்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. நம் கதாசிரியருக்குத் தோன்றவில்லை.

தாஸ்தயேவ்ஸ்கிக்குத் தோன்றியது. மேடையில் நின்றவரே அவர்தானே.

1849 டிசம்பர் 22, பழைய ருஷ்யக் காலண்டர்படி. பீட்டர்ஸ்பர்கில் ஸெம்யோனவ் மைதானம். பெத்ராஷெவ்ஸ்கி குழுவினருக்கு மரண தண்டனை வாசிக்கப்படுகிறது. தாஸ்தயேவ்ஸ்கியின் குற்றங்களில் முக்கியமானது, பெலின்ஸ்கி கோகலுக்கு எழுதிய கடிதத்தை நண்பர்கள் மத்தியில் உரக்கப் படித்தது. (விமர்சகன் எழுதியதைப் படித்ததற்கு மரண தண்டனை. இங்கே எந்த விமர்சகனுக்கும் இந்த மரியாதை கிடைக்காது.) முதல் மூன்று பேரைக் கம்பங்களில் கட்டுகிறார்கள். இவர் வரிசையில் ஆறாவது. அதாவது அடுத்த மூவரில் ஒருவர். துப்பாக்கிகள் உயர்ந்த பிறகு, ஜார் நிகலாய் கருணை காட்டியதாக அறிவிப்பு. எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து நடத்திய நாடகம்.

அன்றைக்கே அண்ணன் மிகயீலுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். எவ்வளவு காலத்தை வீணடித்துவிட்டேன், ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகத்தின் சந்தோஷமாக இருக்க முடியுமே என்று. நம் ஆட்கள் மேற்கோள் காட்டுவது இந்தக் கடிதத்தைத்தான். கதை இங்கே முடிந்துவிட்டால் நமக்கு சௌகரியம்.

ஆனால் ஓம்ஸ்கில் நாலு வருஷக் கடுங்காவல் தண்டனையும், அதற்குப் பின் சிப்பாய் உத்தியோகமும் கழிந்து, 1860-களில் இந்த மனிதர் ரூலெட் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். 1867 கோடையில் பாடன்-பாடனில், மணமாகிச் சில மாதங்களே ஆன ஆன்னாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன. வாழ்வின் நிமிஷங்களை எண்ணி எண்ணி வாழப் போவதாகச் சொன்னவர் எண்ணியது சக்கரத்தின் எண்களை. சூதாட்டம் அவரை விட்டது 1871-ல்தான்.

அதே 1867 டிசம்பரில், ஜெனீவாவில், 'இடியட்' நாவலின் முதல் பகுதியை எழுதுகிறார். மைதானத்துக்குப் பிறகு பதினெட்டு வருஷம். மிஷ்கின் எபாஞ்சின் வீட்டுப் பெண்களுக்கு, கொலைக்களம் வரை போய்த் திரும்பிய ஒருவனைப் பற்றிச் சொல்கிறான். ஐந்து நிமிஷங்களை அவன் பங்கு போட்டதை, சர்ச்சின் தங்க முகடு வெயிலில் மின்னியதை, உயிர் திரும்பக் கிடைத்தால் ஒரு நிமிஷத்தையும் இழக்க மாட்டேன் என்று அவன் நினைத்ததை. சகோதரிகளில் ஒருத்தி கேட்டுவிடுகிறாள்: சரி, கிடைத்த செல்வத்தை அவன் என்ன செய்தான்? அப்படியெல்லாம் வாழவில்லை, நிறைய நிமிஷங்களை வீணாக்கினான் என்று அவனே தன்னிடம் ஒப்புக்கொண்டதாக மிஷ்கின் சொல்கிறான். நாவல் மேலே போய்விடுகிறது. நான் பலமுறை அந்த இடத்தில் நின்றுவிட்டிருக்கிறேன். சாவுக்கு அருகே போன அனுபவத்தைப் பற்றி இதைவிட யோக்கியமாக எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை. தன் வாழ்க்கையின் மகா கணத்தைத் தானே சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஒரு பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டிருக்கிறார்.

அப்படியானால் எதுவும் மாறவில்லையா? மாறியிருக்கிறது என்றே நினைக்கிறேன், அவர் வாக்களித்த இடத்தில் அல்ல. 'இடியட்'டின் முதல் பகுதி முழுவதும் ஒரே நாள். ரயிலில் விடியும் அந்த நாளுக்குப் பதினாறு அத்தியாயங்கள். வாழ்க்கையில் எண்ண முடியாத நிமிஷங்களை உரைநடை எண்ணுகிறது. இதைக் கலையின் வெற்றி என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஆன்னாவின் நகைகளுக்கு அது ஈடாகாது.

நம்முடைய விதி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். 1896-ல் மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியில், ஆரோக்கியமாக இருந்த பதினாறு வயதுப் பையனைத் திடீரென்று சாவு பயம் பிடித்தது. பிணம்போலக் கிடந்து பார்த்தான். ஆறு வாரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பித் திருவண்ணாமலை சேர்ந்தான். 1950-ல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. ரமணருடைய விஷயம் அபூர்வம். அபூர்வத்தை வாய்ப்பாடாக்கி மாதாந்திரச் சிறுகதைக்குப் பயன்படுத்துகிறோம்.

மைதானத்தின் இன்னொரு முடிவை யாரும் பேசுவதில்லை. கம்பத்தில் கட்டப்பட்ட மூவரில் ஒருவன் கிரிகோரியெவ். அவன் புத்தி பேதலித்துவிட்டது. அதே காலை, அதே குளிர், அதே துப்பாக்கிகள். மனித சுபாவம் இதைப் பைத்தியமாகாமல் தாங்கும் என்று யார் சொன்னது என நாவலில் முன்னதாகவே மிஷ்கின் கேட்கிறான். கிரிகோரியெவை நினைத்துக்கொண்டு எழுதிய வரி என்றே எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் நான் ஒதுங்கி நின்று எழுதவில்லை. சில வருஷங்களுக்கு முன் மார்வலியில் விழுந்து, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அண்ணாவுக்கு ஒரு கடிதத்தை மனசுக்குள் முழுசாக எழுதினேன். எங்களுக்குள் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு வீடு. வாக்கியங்கள் நன்றாகவே அமைந்தன. பிழைத்து வீடு வந்ததும் நான் எழுதிய முதல் தபால், என் கட்டுரையில் இருந்த அச்சுப் பிழைகளுக்காக இந்தப் பத்திரிகை ஆசிரியருக்குப் போட்ட காட்டமான கார்டு. அதை அவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அண்ணாவுக்கான கடிதத்தில் முதல் வரி மட்டும் இப்போது நினைவிருக்கிறது.