பூத்தையற் சட்டமும் செல்லநாயும்: துருவேயின் உருவப்படம் பற்றிய ஒரு குறிப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உருவப்படக் கலையின் சமூக அடிப்படையை விளங்கிக்கொள்வதற்கு, இலண்டன் தேசிய ஓவியக்கூடம் 1977 இல் பெற்றுக்கொண்ட ஓவியமொன்று பெரிதும் துணைபுரிவதாகும். பதினைந்தாம் லூயி மன்னனின் ஆசைநாயகியாக 1745 முதல் அரசவையில் அங்கீகாரம் பெற்றிருந்த பொம்பதூர் சீமாட்டியை, பூத்தையற் சட்டத்தின்முன் அமர்ந்தவளாகப் பிரான்சுவா உய்பேர் துருவே அதிலே தீட்டியுள்ளார். கறுநிறச் சிறுநாயொன்று அவளை நோக்கி எழுந்து நிற்கிறது. நூல்களும் இசைக்கருவியும் சூழவுள்ளன.

சீரழிந்த பிரபுத்துவத்தின் ஆடம்பரம் என இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது மார்க்ஸிய விமர்சனமாகாது. படத்திலுள்ளவள் பிரபு குலத்தவள் அல்லள். நிதித்துறைத் தொடர்புடைய பாரிஸ் பூர்ஷ்வாக் குடும்பத்தில் 1721 இற் பிறந்தவள். மன்னனின் உறவே அவளுக்குப் பட்டத்தை ஈந்தது. எனினும் அவ்வுறவின் சுவடெதுவும் படத்திலே இல்லை. மாறாக உழைப்பார்வம், கல்வி, இல்லறப் பாங்கு ஆகியனவே முன்னிறுத்தப்படுகின்றன. ஐரோப்பிய ஓவிய மரபிலே நாய் விசுவாசத்தின் குறியீடு என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பிரபுக்களிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டுதற்குப் பூர்ஷ்வா வர்க்கம் போற்றிய பண்புகள் இவையே. 1789 ஆம் ஆண்டுப் புரட்சிக்குக் கால் நூற்றாண்டு முன்னரே அவ்வர்க்கத்தின் விழுமியங்கள் அரண்மனைக்குள் நுழைந்துவிட்டமைக்கு இப்படம் சான்றாகும்.

ஆயின், இங்கு காட்டப்படும் உழைப்பு எத்தகையது? கூலிக்குத் தைத்த பெண்களுக்குப் பூத்தையல் வயிற்றுப்பாடு. சீமாட்டிக்கோ அது பொழுதுபோக்கு. அவளது ஆடையையும் சரிகைப் பின்னலையும் ஆக்கிய கரங்கள் படத்தில் இடம்பெறவில்லை. ஏழாண்டுப் போர் 1763 இல் முடிவுற்றபோது பிரான்சு கனடாவை இழந்திருந்தது. 1761 இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த புதுச்சேரி உடன்படிக்கையாலேயே மீண்டது. அப்போருக்கு வழிகோலிய ஆஸ்திரிய நேசஉறவை ஆதரித்தவள் இவள். அதே ஆண்டிலே தொடங்கிய ஓவியமோ அமைதியான அறையொன்றையே நமக்குக் காட்டுகிறது.

ஓவியத்தின் ஆக்கமுறையும் இம்முரண்பாட்டை வெளிப்படுத்துகின்றது. தலைப்பகுதி 1763 ஏப்ரலில் தனித்துணியில் வரையப்பட்டுப் பின்னர் பெருந்துணியிற் பொருத்தப்பட்டது. அவள் 1764 ஏப்ரலில் இறந்தாள். படம் அடுத்த மாதமே நிறைவெய்தியது. இவ்விரு காலங்களையும் ஓவியரே படத்திற் பொறித்துள்ளார். முதுமை தொடத் தொடங்கிய அம்முகம் ஒரு தனிமனுஷியின் முகம். அதனைச் சூழ்ந்திருப்பது, அவள் எவ்வாறு நினைவுகூரப்படல் வேண்டும் என்பதற்காகக் கட்டமைக்கப்பட்ட உலகம்.

துணியின் ஒளிர்வையும் நாயின் துடிப்பையும் கண்டு நாம் மகிழ்வது தவறன்று. இத்துணை உண்மையான முகமொன்று இத்துணைக் கவனமாகப் புனையப்பட்ட உலகினுள் எவ்வாறு, எவர் நலன்கருதிப் பொருத்தப்பட்டது என வினவுவதே விமர்சகனின் கடன்.